ஒரு பையில் எட்டு அட்டைகள்

நவ. 10, திங்கள்
விடியலிலிருந்தே மழை. இரத்தோட்டை வரை பஸ்ஸில் நின்றபடி. வேலை: அரசாங்க மருத்துவக் காப்புறுதியில் பதிந்த தனியார் டொக்டரின் பதிவேட்டைப் பரிசோதிப்பது. நோயாளி வரும் ஒவ்வொரு தடவைக்கும் அவருக்கு அரசாங்கப் பணம்.

கிளினிக்கில் மகேஸ்வரி அக்கா. தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். பையில் எட்டுக் காப்புறுதி அட்டைகள். ஒன்று அவருடையது, மற்றவை அவருடைய லயத்தில், அந்த வரிசை வீடுகளில், இருப்பவர்களுடையவை. எட்டு அட்டைக்கும் ஒரு வாரப் பிரஷர் மாத்திரை. பதிவேட்டில் எட்டு வருகை.

"எல்லாரும் வந்தா எல்லாருக்கும் அன்னைக்குச் சம்பளம் போயிரும் மிஸ். அதான் மொற வச்சிருக்கோம். இந்த வாரம் நான்."

ஒரு மாத மாத்திரையாகக் கொடுத்தால் என்ன என்று கேட்டேன். டொக்டர் சிரித்தார். "குடுக்கலாம் புள்ள. அப்ப மாசத்துக்கு ஒரு வருகைதான். கிளினிக் வாடகைய நீங்க கட்டுறீங்களா?"

கோபப்பட முயன்றேன். அவர் எழுதுவது பொய். அந்தப் பொய்க்கு விலை வைத்தது நாங்கள்.

நவ. 11, செவ்வாய்
வெயில். குடையை நேற்று பஸ்ஸில் விட்டிருக்கிறேன்.

காலையில் என் அறிக்கையைக் கொடுத்தேன். மத்தியானம் பணிப்பாளர் மேசையில் ஒரு கடிதம். எட்டு அட்டைகளும் ரத்து. என் கையொப்பத்துக்கு மட்டும் இடம்.

"மோசடி மோசடிதான். செலவு இந்த வருஷ ஒதுக்கீட்டத் தாண்டப் போகுது. எங்கயாவது வெட்டணும்."

"வெட்டலாம் சேர். மருந்து குடிக்கிறவங்கள இல்ல."

"கவிதையெல்லாம் வீட்டுல வச்சுக்கங்க."

என் நியமனம் தற்காலிகம். அதையும் நினைவூட்டினார். மெதுவாக, தேநீர் குடித்தபடி.

ஒதுக்கீடு என் எதிரியில்லை. இல்லாத பணத்தைச் செலவழித்த நாட்டில், பல்கலைக்கழகக் காலத்தை எண்ணெய்க்கும் காஸுக்குமான வரிசைகளில் கழித்தவள் நான்.

நவ. 12, புதன்
லீவு. மாற்றுத் திட்டம் ஒன்று எழுதினேன். கிழித்தேன். மிஞ்சியது இவ்வளவு:

வருகைக்குப் பணம் வேண்டாம். பதிந்த ஆளுக்கு மாதம் ஒரு நிலையான தொகை. எத்தனை பேர் என்பது முன்கூட்டியே தெரியும், ஆகவே செலவு ஒதுக்கீட்டைத் தாண்டாது. மாத்திரை ஒரு மாதத்துக்கு. மாதம் ஒருமுறை, மாலையில் கொழுந்து எடை போட்ட பிறகு, டொக்டர் தோட்டத்துக்கே போய்ப் பிரஷர் அளக்க வேண்டும். அளக்காத ஆளுக்குப் பணமில்லை.

டொக்டருக்கு ஃபோனில் வாசித்தேன்.

"அளக்காட்டி காசில்லையா? பொல்லாத புள்ள நீங்க." வாய்க்குள் ஏதோ கணக்குப் போட்டார். "சரி, அனுப்புங்க."

நவ. 13, வியாழன்
கடிதம் மீண்டும் என் முன்னால். பேனையையும் பணிப்பாளரே நீட்டினார்.

கையொப்ப இடத்தில்: மறுக்கிறேன். காரணமும் மாற்றுத் திட்டமும் இணைப்பில். கீழே முழுப்பெயர்.

"தெரிஞ்சுதான் செய்றீங்களா?"

"தெரிஞ்சுதான் சேர்."

"மறுப்பு இருந்தா மேலிடத்துக்கு அனுப்பணும். பதில் வரும்வரைக்கும் ரத்து செய்யவும் ஏலாது." எரிச்சலோடு சொன்னார். எனக்கு அது போதும். அதுவரை அட்டைகள் செல்லுபடியாகும்.

என் வேலை? கேட்கவில்லை.

நாளை முதல் பஸ்ஸில் லயத்துக்கு. அந்த எட்டுப் பேரில் ஏழு பேரை, டொக்டரைப் போலவே, நானும் இன்னும் பார்த்ததில்லை.