மதினி உட்கார்ந்து பார்த்த டிராக்டர்

மதினி,

இன்று பள்ளிக்கூடம் விட்டு, வடகரை பஸ்ஸுக்காகத் தென்காசியில் நின்றுகொண்டிருந்தேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. யாருடைய டிராக்டரோ என்னை ஒட்டிப் போனது. ஈரக்காற்றில் டீசல் புகை மேலே போகாமல் புடவையில் படிந்தது. பக்கத்தில் நின்ற பெண் மூக்கைப் பொத்திக்கொண்டாள். நான் ஆழமாக இழுத்துக்கொண்டேன். கடைசி சில வருஷங்கள் உங்கள் மேல் வீசிய வாசம் அதுதானே.

அண்ணன் இறந்த மறு வருஷம், நம் வயலை உழுதுகொண்டிருந்தவர் செங்கோட்டைக்கு அப்பால் தேயிலைத் தோட்டத்து வேலைக்குப் போய்விட்டார். கார் பருவ நடவு நெருங்கிக்கொண்டிருந்தது. ஏர் பிடிக்க வேறு ஆள் வாய்க்கவில்லை. சித்தப்பா வந்து, வயலைத் தன்னிடம் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, விட்டுவிடச் சொன்னார். அவருக்குக் கெட்ட எண்ணம் என்று சொல்ல மாட்டேன். பெண் ஏரைத் தொட்டால் மழை பொய்க்கும் என்று நம்புகிற ஊர். ஆண் இல்லாத வீட்டில் யார் உழுவார்கள் என்ற கவலை அவருக்கு. ஆனால் பாட்டத்துக்குப் போன வயல் திரும்பி வந்ததை நம் தெருவில் யாரும் பார்த்ததில்லை. நீங்கள் அவருக்கு மோர் கொடுத்து, யோசித்துச் சொல்வதாக அனுப்பிவைத்தீர்கள். அவர் செருப்பு மாட்டும் சத்தம் ஓய்ந்த பிறகு என்னிடம் சொன்னீர்கள்: "மாட்ட வித்துட்டு டிராக்டர் வாங்கப் போறேன். இங்கிலீஷ் படிச்சவ நீ, கூட வா."

ஓட்டுவதற்கு ஆள் வைப்பீர்கள் என்றுதான் நினைத்தேன்.

திருநெல்வேலியில் ஒரு சிவப்பு வண்டி. விற்பவர் குதிரைச் சக்தி, பல்சக்கரம் என்று என்னிடம் விளக்க, நான் கல்லூரி நாள்போலக் குறிப்பு எடுத்தேன். நீங்கள் எதையும் கேட்கவில்லை. வண்டியைச் சுற்றி வந்து, படியில் ஒரு காலை வைத்தீர்கள்; பிறகு எடுத்துவிட்டீர்கள். அம்பாசமுத்திரத்தில் பார்த்த நீல வண்டியிலும் அப்படியே. அது இன்னும் உயரம். "நல்ல வண்டி" என்று விற்றவரின் மனம் நோகாமல் சொல்லிவிட்டு, பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து தூங்கிப்போனீர்கள். உங்களுக்கு என்னதான் வேண்டும் என்று எனக்கு எரிச்சலாக வந்தது.

மூன்றாவது, புளியங்குடியில் எலுமிச்சைத் தோட்டம் வைத்திருந்த ஓர் அண்ணாச்சியின் பழைய வண்டி. சாம்பல் நிறம், குள்ளம், பெயின்ட் உரிந்திருந்தது. அவர் பெரிதாக ஒன்று வாங்கியதால் அதை விற்க நினைத்தார்.

"டிரைவரையும் கூட்டிட்டு வந்திருந்தா ஓட்டிப் பாத்திருக்கலாம்லா" என்றார்.

"வந்தாச்சு" என்றீர்கள்.

அவர் என்னைப் பார்த்தார். நான் அவசரமாகத் தலையை ஆட்டி மறுத்தேன். அதற்குள் நீங்கள் பின்பக்கமாகப் போய், கலப்பை மாட்டும் கம்பியில் கால் வைத்து ஏறி, புடவையைச் சேர்த்துச் செருகிக்கொண்டு இருக்கையில் உட்கார்ந்துவிட்டீர்கள். கியர்க் கம்பி நடுவில் நிற்க, இரண்டு பக்கமும் கால் போட்டு, அண்ணன் சட்டையின் கையை மடித்துவிட்டீர்கள். வெயிலுக்காகத்தான் புடவைக்கு மேல் அந்தச் சட்டையைப் போட்டு வந்தீர்கள் என்று காலையிலிருந்து எண்ணிக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி சிரிக்க ஆரம்பித்து, உங்கள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டார். அன்று சாயங்காலம்வரை அவரே கற்றுக்கொடுத்தார். நீங்கள் ஓர் எலுமிச்சை மரத்தைச் சாய்த்தபோதுகூட, "அது காய்க்காத மரம்தான்" என்றார்.

முதல் உழவன்று ஊரே வரப்பில் நின்றது. வாய்க்கால் தண்ணீர் பாய்ந்து வயல் தொளியும் சேறுமாகக் கிடந்தது. சித்தப்பா முகம் கறுத்து நின்றார்.

"ஏரைத் தொட்டுட்டியேம்மா" என்றார்.

"நான் எங்க மாமா தொட்டேன்? அது பின்னால வருது. நான் முன்னால பாத்து உக்காந்திருக்கேன்."

வரப்பில் யாரோ சிரித்தார்கள். சித்தப்பா சிரிக்கவில்லை.

இரண்டாவது சுற்றில் வண்டி சேற்றில் இறங்கியது. குள்ள வண்டி, வயிறு தட்டி உட்கார்ந்துவிட்டது. சக்கரம் சுற்றச் சுற்ற இன்னும் ஆழமாகப் போனது. எனக்கு அழுகை வந்தது. வயல் போயிற்று என்றே நினைத்தேன். சித்தப்பா விறுவிறுவென்று நடந்து போனார். திரும்பி வந்தபோது தன் மாடுகளை ஓட்டிக்கொண்டு வந்தார். சங்கிலி பூட்டி இழுத்தார். நீங்கள் இறங்கவில்லை, ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி, முகமெல்லாம் சேறாக, மேலேயே இருந்தீர்கள்.

வண்டி கரையேறியதும் சித்தப்பா மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னார், "ஒசரமான வண்டியா வாங்கியிருந்தா புதைஞ்சிருக்காதுல்லா. பாத்து வாங்கியிருக்க வேண்டாமா?"

"நான் உக்கார முடியாத வண்டி புதையாட்டி எனக்கென்ன மாமா?"

அவர் மாட்டை அவிழ்ப்பதில் மும்முரமானார். ஆனால் பாட்டம் என்ற பேச்சை அன்றோடு விட்டார். நீங்கள் தென்காசிக் கொல்லரிடம் அகலமான இரும்புச் சக்கரம் செய்து மாட்டினீர்கள். ஆனியில் சாரல் வழக்கம்போல வந்தது. மலையருவியிலும் தண்ணீர் கொட்டியது. மறு வருஷம் சித்தப்பாவே நம் வாசலில் நின்று, எங்கோ பார்த்துக்கொண்டு, தன் வயலிலும் ரெண்டு சுற்று வர முடியுமா என்று கேட்டார்.

நீங்கள் கண்மூடி நாலு மாதம் ஆகிறது. போன வாரம் சித்தப்பா வந்தார். மிகவும் தளர்ந்துவிட்டார். இனி யார் உழுவார்கள் என்று கேட்டார். இந்த முறை அவர் பாட்டம் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார்.

இன்று வீடு திரும்பியதும் கொட்டகைக்குப் போனேன். பின்பக்கமாக ஏறி உட்கார்ந்தேன். உங்களைவிட நான் குட்டை. கிளச் மிதியில் கால் படுகிறது, ஆனால் முழுதாக அமுக்க எட்டவில்லை. நாளைக் காலையில் கொல்லரிடம் போய், மிதியின் மேல் ஒரு கட்டை வைத்துத் தரச் சொல்லப் போகிறேன்.