நாளைய படையலுக்கு வந்த குவார்ட்டர்

என் அப்பாவுக்கு,

உன்மேல் கோபமாகவும் இருக்கிறது, உன்னைப் பார்க்க வேண்டும்போலவும் இருக்கிறது. நாளைக்கு உன் முதல் வருஷப் படையல். மசாலா வறுத்து அரைத்தாயிற்று, வாழை இலை வாங்கியாயிற்று. ஆனால் ஓர் இடத்தில் உட்கார முடியவில்லை. வாசலுக்குப் போகிறேன், வருகிறேன், நாலு வரி எழுதுகிறேன், மறுபடி எழுந்து போகிறேன். உன் மகன் குமார் காலையில் செருப்பைப் போட்டுக்கொண்டு போனவன், போன் அடித்தால் எடுக்கவே இல்லை.

எல்லாம் சித்தப்பாவால் வந்தது. விடிந்ததும் விடியாததுமாகப் பேப்பரில் சுற்றிய குவார்ட்டர் ஒன்றைக் கொண்டுவந்து உன் போட்டோவுக்குப் பக்கத்தில் வைத்தார். "அண்ணனுக்குப் புடிச்சத வெக்கலன்னா எப்படி? புள்ள கையால ஊத்தி வெக்கணும். அப்புறம் புள்ளதான் மொதல்ல வாயில வெக்கணும்" என்றார். குமார் அந்தப் பாட்டிலையே பார்த்துக்கொண்டு நின்றான். அவன் குடியை நிறுத்தியிருக்கிறான் அப்பா. அது உனக்குத் தெரியாது இல்லையா?

நீ போன பிறகு அவன் உன்னையும் மிஞ்சிவிட்டான். கேட்டால், தோல் பதனிடுகிற வேலையைக் காட்டி நீ சொன்ன அதே பதில்: "டேனரி நாத்தத்துல குடிக்காம நின்னு பாரு, அப்பத் தெரியும்." மஞ்சள் காமாலை வந்து ஆஸ்பத்திரியில் சேர்த்தோம். அங்கே ஒரு நர்ஸம்மா, "மருந்து மட்டும் போதாதும்மா. குடிய வுட்டவங்க ஒண்ணா கூடிப் பேசுற எடம் உங்க ஊர்லயே இருக்கும், தேடிப் பாரு" என்றார். எங்கே என்று அவருக்கும் தெரியவில்லை.

தேடினேன். நாயாய் அலைந்தேன் என்றே சொல்லலாம். டீக்கடையில் விசாரித்தால் ஆலங்காயம் பக்கம் ஒரு கோயிலுக்கு அனுப்பினார்கள். பூசாரி குமார் கையில் கயிறு கட்டினார். கயிறு இருக்கும்வரை குடிக்கக் கூடாது, அதுதான் கட்டுப்பாடு. உன் பிள்ளை என்ன செய்தான் தெரியுமா? கயிற்றைக் கழற்றிப் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு குடித்தான். முடிந்ததும் மறுபடி மாட்டிக்கொண்டான். "சாமி மேல பயம் இருக்குக்கா, அதான் கழட்டிட்டேன்" என்கிறான்! நான் அவனை அடிப்பதா, சிரிப்பதா? நீயாக இருந்தாலும் இதைத்தானே செய்திருப்பாய்?

கடைசியில் வழி கிடைத்தது எங்கள் ஷூ கம்பெனி வேனில். போனில் குமாரைத் திட்டித் தீர்த்துவிட்டு வைத்தேன். பக்கத்து சீட்டில் நசீமா அக்கா, எனக்கு அடுத்த மெஷினில் தைப்பவள். மெதுவாகச் சொன்னாள்: "தேவி, ஞாயித்துக்கெழம உன் தம்பிய எங்க வூட்டுக்காரர் கூட அனுப்பு. அவரு போற எடம் ஒண்ணு இருக்கு. ஜாஸ்தி பேருக்குத் தெரியாது, நீயும் வெளிய சொல்லாத." எத்தனை வருஷமாக ஒரே வேனில் போய் வருகிறோம்! அவள் வீட்டிலும் இதே கதை. இரண்டு பேரும் ஒருத்திக்கொருத்தி மூடி மறைத்துக்கொண்டே வந்திருக்கிறோம்.

ஒரு பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் சின்ன அறை. போர்டு கிடையாது. பிளாஸ்டிக் நாற்காலிகள், டீ, அவ்வளவுதான். கூடப் போகிறவர்கள் வெளியே வராந்தாவில் உட்காரலாம்; நானும் போய் உட்காருவேன். பல வாரம் குமார் வாயைத் திறக்கவில்லை. ஒரு நாள் ஜன்னல் வழியாக அவன் குரல் கேட்டது.

"என் பேர் குமார். நான் ஒரு குடிநோயாளி. எங்கப்பாவும் இதுலதான் செத்தாரு. அவரத் தூக்கினு போம்போதுகூட நான் போதையிலதான் இருந்தேன்."

எனக்குத் தாங்கவில்லை அப்பா. நீ இருந்தபோதும் இந்த அறை இருந்ததா? யாராவது கூப்பிட்டிருந்தால் நீ போயிருப்பாயா?

இரு, போன் அடிக்கிறது.

அவன்தான்! "அக்கா, பயப்படாத. நசீமாக்கா வூட்டுக்காரர் கூட அந்த ஸ்கூல் ரூம்லதான் இருக்கேன். கடைப் பக்கம் போவல. ஆனா அந்தப் பாட்டில் வூட்ல இருக்கற வரைக்கும் என்னால வர முடியாது."

"நாளைக்குப் படையல்டா."

"தெரியும்க்கா. அப்பாவுக்கு வெச்சா நான் குடிப்பேன். சத்தியமா குடிப்பேன். நீ இன்னா பண்ணுவியோ பண்ணு." சொல்லும்போதே அழுதுவிட்டான்.

பாட்டிலை எடுத்துப்போய்ப் பின்பக்கச் சாக்கடையில் கவிழ்த்தேன். அந்த வாடை எழுந்ததும் நீயே வந்து பக்கத்தில் நின்றதுபோல் இருந்தது. உனக்கென்று வைத்ததை நானே கொட்டுகிறேனே என்று அழுகை வந்தது. ஆனாலும் முழுசாகக் கொட்டினேன். பிறகு அவனைக் கூப்பிட்டு, "வாடா" என்றேன். வந்துகொண்டிருக்கிறான்.

நாளைக்குச் சித்தப்பா வானத்துக்கும் பூமிக்குமாகக் குதிப்பார். குதிக்கட்டும். பிள்ளை இருக்கும்போது பொண்ணு படைக்கலாமா என்று சொந்தக்காரர்கள் முகத்தைச் சுளிப்பார்கள். அவன் கையில் யாரும் பாட்டிலைத் திணிக்காதபடி நான்தான் படைப்பேன். கறிக்குழம்பு, கருவாடு, முட்டை, உனக்குப் பிடித்த காராசேவு எல்லாம் இருக்கும். சொம்பு நிறையத் தண்ணீர் இருக்கும். சரக்கு மட்டும் இருக்காது. இந்த வருஷமும் இல்லை, இனி எந்த வருஷமும் இல்லை. இது நான் உனக்குத் தரும் வாக்கு.

உனக்கு அது குறையாக இருந்தால், நாக்கு வறண்டால், என் கனவில் வந்து கேள். எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு, வாங்கிக்கொள்கிறேன். அவன் கனவில் மட்டும் போய்க் கேட்காதே அப்பா. நீ கேட்டால் அவன் கொடுத்துவிடுவான்.

உன் மூத்த மகள்,
குமாரின் அக்கா,
தேவி