உங்கள் கறுப்புக் கையுறைகள்

சிஞ்ஞோரா,

இன்று காலை அலுமாரியைத் திறந்ததும் உங்கள் மணம் வந்தது. பூச்சி உருண்டை மணம்தான். உங்கள் கறுப்புக் கையுறைகளை என் சேலைகளுக்கு நடுவில் வைத்திருக்கிறேன். கையில் எடுத்ததும் கோபமும் வந்தது. நல்லதுதான், இன்னும் ஆறவில்லை.

லிபெர்த்தா வீதியில் உங்களைக் குளிப்பாட்டி, சமைத்துக் கொடுத்து, உங்கள் வீட்டிலேயே ஆறு வருடம் இருந்தேன். அதில் முதல் வருடம், ஸ்ஃபெர்ராகவால்லோ கடற்கரைக் கோயிலில், செத்துப்போன விமானக்காரர் ஐந்து பேருக்கான ஆண்டுப் பூசைக்குக் கூட்டிப்போனேன். ஆனி மாத வெயில். பக்கத்தில் இருப்பவருக்குக் கை கொடுத்துச் சமாதானம் சொல்லும்படி சுவாமியார் சொன்னதும், நீங்கள் கைப்பையிலிருந்து இந்தக் கையுறைகளை எடுத்தீர்கள். ஒவ்வொரு விரலாக நுழைத்து, மணிக்கட்டுப் பொத்தானையும் பூட்டினீர்கள். வெள்ளை மீசைக் கிழவர் ஒருவர் எதிரே கையை நீட்டியபடி நின்றார். பூட்டி முடிந்ததும் உங்கள் கைகளை மடியில் வைத்துக்கொண்டீர்கள். எனக்கு உடம்பு கூசியது. ஒரு வயதாளியை இப்படியா நிற்க வைப்பது என்று மனதுக்குள் உங்களைத் திட்டினேன்.

பூசை முடிந்து, சக்கர நாற்காலியைக் கடற்கரையில் நிறுத்தச் சொல்லிவிட்டுத்தான் கதையைச் சொன்னீர்கள். நீங்கள் இத்தாலியனில் சொன்னது இப்போது என் பேச்சுத் தமிழிலேதான் ஞாபகம் வருகிறது. போர்க்காலத்தில் உங்கள் அண்ணா கடலில் இறங்கும் விமானம் ஓட்டினவர். திருத்தி முடித்த விமானம் ஒன்றை வேறொரு தளத்தில் கொண்டுபோய் ஒப்படைக்க வேண்டியிருந்தது. எஞ்சின் நடுங்குகிறது என்று அண்ணா சொல்லியிருக்கிறார். திருத்து வேலைக்குப் பொறுப்பாக இருந்த அந்த மீசைக்காரன், உன்னைப் பயந்தாங்கொள்ளி என்று எழுதவா என்று கேட்டுவிட்டு, பறக்கலாம் என்று கையெழுத்து வைத்தான். மத்தியானம் வீட்டில் சாப்பிடும்போது அண்ணா இதைச் சொல்லிவிட்டுப் போனார். பின்னேரம் விமானம் இந்தக் கரைக்கு நேரே விழுந்தது. ஐந்து பேரில் ஒருவரும் திரும்பவில்லை. காற்று மோசம் என்று விசாரணையில் எழுதினார்கள். அன்று கடல் எண்ணெய் மாதிரிக் கிடந்ததை ஊர் மீன்பிடிகாரர் எல்லாரும் பார்த்திருந்தார்கள்.

"நான் கை குடுத்தால் அவன் நிம்மதியாய் நித்திரை கொள்ளுவான், பிள்ளை," என்றீர்கள். "அவன் நித்திரை கொள்ளக் கூடாது."

அதற்குமேல் எனக்கு விளக்கம் தேவைப்படவில்லை. என் தம்பியை மன்னாரில் ஏற்றிய படகுக்காரனும் எஞ்சின் நல்லாய் ஓடும் என்றுதான் சொன்னான். படகு கரை சேரவில்லை. அன்றைக்கு இன்னொருவனை ஓட்ட விட்டுக் கரையிலேயே நின்றுகொண்டவன் இப்போது எந்த நாட்டில் இருக்கிறானோ, நாசமாய்ப் போவான். உங்களுக்காவது வருடத்துக்கு ஒரு தடவை உங்களுடைய ஆள் முன்னால் வந்து நின்றான். உண்மையைச் சொன்னால், எனக்கு அதில் பொறாமை.

போன மாசியில் நீங்கள் எழும்ப முடியாமல் கிடந்தபோது அந்த மீசைக் கிழவர் பூங்கொத்தோடு வாசலுக்கு வந்தார். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போகிறேன் என்று கெஞ்சினார். உள்ளே வந்து உங்களைக் கேட்டேன். கண்ணைத் திறக்காமலே மேசை லாச்சியைக் காட்டினீர்கள். லாச்சியை இழுத்துக் கையுறைகளை எடுத்து உங்களுக்குப் போட வந்தபோது தலையை ஆட்டி மறுத்தீர்கள்.

"உனக்கு," என்றீர்கள்.

நான் போய்க் கதவைச் சாத்தினேன். அடுத்த கிழமை நீங்கள் போய்விட்டீர்கள்.

இந்த வருடப் பூசைக்கு, இப்போது வேலை செய்யும் வீட்டுக்காரியிடம் வயிற்றுவலி என்று பொய் சொல்லிவிட்டுத் தனியாகப் போனேன். போர் முடிந்து ஐம்பது வருடம் தாண்டிவிட்டது, மன்னிக்க வேண்டும் என்று சுவாமியார் பிரசங்கம் வைத்தார். உங்கள் இடத்துக்குப் பக்கத்திலேயே இருந்தேன். சமாதானம் சொல்லும் நேரத்தில் கிழவர் தடியை ஊன்றி வந்து என் முன்னால் கையை நீட்டினார். நான் பூசை தவறாதவள், சமாதானத்தை மறுப்பது பாவம் என்று தெரியும். ஒரு கணம் மனம் இளகியதையும் உங்களிடம் மறைக்கவில்லை. பிறகு சாப்பாட்டு மேசையிலிருந்து எழும்பிப் போன உங்கள் அண்ணாவை நினைத்தேன். என் தம்பியை நினைத்தேன். கைப்பையைத் திறந்தேன்.

உங்கள் கையுறை எனக்குக் கொஞ்சம் இறுக்கம். பொத்தான் பூட்ட நேரம் எடுத்தது. அவர் கையை மடக்காமல் நின்றார்.

"அவதான் செத்துப்போனாவே," என்று மெல்லச் சொன்னார். "இன்னும் எத்தினை வருசத்துக்கு?"

"எனக்கு முப்பத்தெட்டு வயசுதான்," என்றேன்.