இரும்பு டானிக்

1966 ஆகஸ்ட் 9, செவ்வாய்

காலையில் எழுந்ததும் முதல் வேலையாக மகள் லூசிக்கு இரும்பு டானிக் கொடுத்தேன். பத்து வருஷப் பழக்கம்.

"இன்னும் குடிச்சா காந்தம் வந்து ஒட்டிக்கும்மா" என்று முகம் சுளித்தாள்.

"சோகை போற வரைக்கும் குடிச்சுத்தான் ஆகணும், வாயாடி" என்றேன்.

பத்து மணிக்கு மருத்துவமனையில் பிரெஞ்சு டாக்டர் அவளுடைய இரத்தப் பரிசோதனைத் தாளைக் காட்டினார். இரும்பு குறையவே இல்லையாம்; உடம்பில் தேங்கிக் கிடக்கிறதாம். கோளாறு சிவப்பணுவுக்குள் இருக்கும் புரதத்தில். நூற்றுச் சொச்சம் மணிகள் கோத்த மாலை போன்ற அந்தப் புரதத்தில் ஒரே ஒரு மணி மாறியிருக்கிறது. அது வியட்நாமியரான என் கணவர் வழி வந்தது. அந்த மாலையைப் போதிய அளவு கோக்காத இன்னொரு குறை, காரைக்கால்காரியான என் வழி வந்திருக்கலாம். தனித்தனியே எங்கள் இருவரையும் ஒன்றும் செய்யாதவை, இவளுக்குள் சந்தித்துவிட்டன.

"டானிக்கை இன்றே நிறுத்துங்கள், மதாம்" என்றார்.

கண்ணுக்கே தெரியாத ஒரு மணி என் குழந்தையின் நிறத்தையும், மாடிப்படி ஏறும் மூச்சையும் தீர்மானிக்கிறது! பயந்திருக்க வேண்டிய நான், கும்பிடத் தோன்றும் வியப்போடு அந்தத் தாளையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கணவரிடம்கூட இன்னும் சொல்லவில்லை. நாளைக் காலை டானிக் கரண்டியைத் தொடமாட்டேன். முதலில் போய் என் இரத்தத்தையும் பரிசோதனைக்குக் கொடுப்பேன். பிறகு லூசியிடம் மன்னிப்புக் கேட்பேன்.