மாதா மலைக்குப் போன ட்ரெயிலரும் அதன் பிரேக்கும்

மரியே வாழ்க

ரொக்ஸ்பரோ, மொன்றியல்
ஆவணி மாதம், செவ்வாய்க்கிழமை

அன்புள்ள மகன் டனிஸ்ரனுக்கு அம்மா எழுதிக்கொள்வது. மாதாவின் தயவால் நானும் அப்பாவும் சுகமாக இருக்கிறோம், கல்கரியில் நீயும் றொஷினியும் பிள்ளையும் அப்படியே சுகமாக இருக்க வேண்டும் என்று தினமும் செபமாலை முடிவில் உங்கள் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் எழும்புகிறேன். அப்பாவின் சீனி இப்போது கட்டுக்குள் இருக்கிறது, கண்தான் பழையபடி, லைசன்ஸ் இனித் திரும்பக் கிடைக்காது என்று டொக்டர் முடிவாகச் சொல்லிவிட்டார். பின்வளவில் தக்காளி நன்றாகக் காய்க்கிறது, அணில் விட்டால் நாங்களும் சாப்பிடுவோம். ஞாயிற்றுக்கிழமை போனில் நீ என்னைக் கதைக்க விடவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம், இதற்குள் நீ இடையில் புகுந்து அம்மா நான் சொல்லுறதை ஒருக்காக் கேளுங்கோ என்று சொல்ல முடியாது.

பெருநாள் கமிட்டிக் கிறகரி அங்கிள் உனக்குப் போன் எடுத்தாராம், அல்போன்சம்மாவின் நேர்த்தி அரிசியை நான் ட்ரெயிலரில் ஏற்ற விடவில்லையாம், பங்கு முழுக்க மனவருத்தமாம், அடுத்த வருஷம் ட்ரக் சாவியை அவரிடம் கொடுத்துவிட்டு நான் காய்கறி வெட்டுகிற பக்கத்தைப் பார்த்தால் எல்லோருக்கும் நிம்மதியாம். நீயும் அதற்கு ஓம் என்று சொல்லச் சொல்கிறாய். கொடுக்க மாட்டேன். இதை முதலிலேயே எழுதிவிடுகிறேன், மிச்சத்தை நீ ஆறுதலாக வாசி.

போன வருஷம் நடந்ததை உனக்கு யாரும் முழுதாகச் சொல்லவில்லை. அப்பாவின் கண் பழுதானதால் றிகோ மாதா மலைப் பெருநாளுக்குச் சமையல் ட்ரெயிலரைக் கிறகரிதான் தன் வானில் இழுத்தார். நம் ஆட்களின் வழக்கம் உனக்குத் தெரியும், நேர்த்தி வைத்தவர்கள் அரிசி மூட்டையும் பருப்பும் பூசணிக்காயுமாக வெளிக்கிடும் நிமிஷம் வரை கொண்டுவந்து ஏற்றுவார்கள், நேர்த்தியை யாரும் வேண்டாம் என்று சொல்வதில்லை, ட்ரெயிலரின் பாரம் எவ்வளவு என்று ஒருவருக்கும் தெரியாது. கிறகரி வெள்ளிக்கிழமையே வெறும் ட்ரெயிலரைக் கொழுவி, பிரேக் எவ்வளவு பிடிக்க வேண்டும் என்று வானுக்குள் உள்ள பிரேக் கொன்ட்ரோலர் பெட்டியில் அளவு வைத்துவிட்டார். சனிக்கிழமை காலை மூட்டைகள் ஏறின, கிடாரங்கள் ஏறின, தண்ணீர்க் கலன்கள் ஏறின, அளவை ஒருவரும் தொடவில்லை. ஹைவேயில் இருந்து றிகோவுக்கு இறங்குகிற இடத்தில் அவர் பிரேக்கை மிதிக்க, ட்ரெயிலர் நிற்காமல் வானைத் தள்ளிக்கொண்டு ஸ்டொப் பலகையைத் தாண்டி நடுத்தெருவில் கொண்டுபோய் விட்டது. நான் பின்னால் வந்த காரில் இருந்து பார்த்தேன். அந்த நேரம் குறுக்கே ஒரு வாகனமும் வரவில்லை. எல்லோரும் சிலுவை போட்டார்கள், மாதா காப்பாற்றினார் என்றார்கள், மெழுகுதிரி கொளுத்தினார்கள். மாதாதான் காப்பாற்றினார் என்று நானும் நம்புகிறேன், அதற்காக வருஷா வருஷம் அவருக்கு அதே வேலையைக் கொடுப்பது என்ன பக்தி என்று எனக்கு விளங்கவில்லை.

அதனால்தான் ட்ரெயிலரை நானே இழுக்கவென்று பிக்கப் ட்ரக் எடுத்தேன். உனக்கு அது விசர் என்று படுகிறது, படட்டும். பிரேக் கொன்ட்ரோலர் வாங்கச் சென்ட் லோரன்ட்டில் நான் வேலை செய்த பக்டரிக்குக் கிட்ட உள்ள கடைக்கு அப்பாவையும் கூட்டிக்கொண்டு போனேன். கடைக்காரப் பெடியன் அப்பாவைப் பார்த்தே எல்லாவற்றையும் விளங்கப்படுத்தினான், அப்பாவும் பெட்டியில் உள்ள எழுத்துத் தெரியாமலே தலையாட்டினார். ட்ரக்கை ஓடப்போவது நான் என்று பிரெஞ்சில் சொன்ன பிறகுதான் என் பக்கம் திரும்பினான். நீ படம் அனுப்பிய, போனில் வேலை செய்கிற வகையையும் காட்டினான். பெருநாள் காலையில் என் போன் எப்படி அடிக்கும், உப்பு எங்கே, அகப்பை எங்கே, ஃபாதர் வந்திட்டாரோ என்று, அந்தப் போனை நம்பி நான் பிரேக் பிடிக்க மாட்டேன். மலிவான வகை கிறகரியிடம் இருப்பது, நான் மெல்ல மிதித்தாலும் ஓங்கி மிதித்தாலும் அதற்கு ஒன்றுதான், வைத்த அளவுக்கு ஏறிப் பிடிக்கும். நான் எடுத்தது, ட்ரக் எவ்வளவு கடுமையாக நிற்கிறது என்று உணர்ந்து ட்ரெயிலரையும் அந்த அளவுக்குப் பிடிக்கிற வகை. அதிலும் பாரத்துக்கேற்ப இலக்கத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டும், அதைப் பெடியன் ஒளிக்காமல் சொன்னான். ட்ரெயிலரை மட்டும் கையால் பிடிக்க ஒரு சின்னத் தடியும் அதில் உண்டு. அவன் அதைக் கீழே பூட்டப் பார்த்தான். நான் ஆள் கட்டை என்று உனக்குத் தெரியும், சீற்றில் இருந்து முன்னுக்குப் பார்த்தபடியே கையை நீட்டி, கை தானாகப் போய் நின்ற இடத்தில் பூட்டச் சொன்னேன்.

இனி அரிசிக் கதை. வெளிக்கிடுவதற்கு முன் ட்ரெயிலரைப் பூட்டி அளவு பார்ப்பேன், பூட்டிய பிறகு ஒரு மூட்டையும் ஏறாது என்று முந்தின ஞாயிறே பூசை முடிவில் ஃபாதரைக் கொண்டு சொல்வித்தேன். சனிக்கிழமை கடைசி மூட்டை ஏறியதும் கோயில் வளவுக்குள் மெல்ல உருட்டித் தடியைத் தள்ளிப் பார்த்தேன், முதலில் பிடிக்கவில்லை, கூட்டினேன், சில்லு இறுகி இழுபட்டது, கொஞ்சம் குறைத்தேன், சரியாக வந்தது. கதவைப் பூட்டின பிறகு ஆற்றுக்கு அந்தப் பக்கம் புரோசார்ட்டில் இருந்து அல்போன்சம்மா பேரன் நிஷானின் காரில் வந்து இறங்கினார், பாலத்தில் நெரிசலாம். நேர்த்தியை மறிக்கிறது பாவம் அக்னெஸ் என்று கிறகரி எல்லோருக்கும் கேட்கச் சொன்னார். ஒரு மூட்டையால் என்ன வந்துவிடும் என்று நீயும் கேட்டாய். ஒரு மூட்டையால் ஒன்றும் வராது, ஆனால் அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று நாலு கார் டிக்கியைத் திறந்தபடி நின்றது. நான் இல்லை என்றேன். அந்த அரிசி நிஷானின் பின்சீற்றில் பெல்ட் போட்டு அல்போன்சம்மாவுக்குப் பக்கத்தில் இருந்து வந்தது, மலையில் முதல் கிடாரத்தில் அதைத்தான் போட்டோம், அவர் கையாலேயே போடச் சொன்னேன். ஆனாலும் வளவுக்குள் அவர் அழுதது எனக்கு இன்னும் நெஞ்சுக்குள் கிடக்கிறது. அடுத்த வருஷமும் அப்படித்தான் செய்வேன்.

ஹைவேயில் வழக்கம்போலச் செம்மஞ்சள் கூம்புகளை வைத்து ஒரு லேனை மூடியிருந்தார்கள், முன்னால் போன கார்கள் எல்லாம் ஒரேயடியாக நின்றுவிட்டன. நான் ஓங்கி மிதித்தேன். ட்ரக்கும் ட்ரெயிலரும் ஒன்றாக நின்றன, பின்னால் ஒரு தள்ளுகூட இல்லை. பிறகுதான் எனக்குப் பயம் வந்தது, அதையும் சொல்கிறேன், பயமில்லாதவள் என்று நான் எப்போதும் சொன்னதில்லை. அப்பா தண்ணீர்ப் போத்தலைத் திறந்து என் கையில் தந்தார்.

நேற்றுப் பின்னேரம் கிறகரி அப்பாவுக்கும் எடுத்தார். நான் குசினிக்குள் மீன் வெட்டிக்கொண்டிருந்தேன், கத்தியை வைத்துவிட்டுக் காது கொடுத்தேன். அப்பா கனநேரம் கேட்டார். பேந்து, சாவி அவவிட்டை இருக்கு கிறகரி, ஓடுறதும் அவதான், அவவோடை கதையும், என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தார். கண் பழுதான நாளில் இருந்து வாகனம் என்ற சொல்லையே வாயில் எடுக்காத மனிசன். எனக்குக் கண் கலங்கிவிட்டது, வெங்காயமும் இல்லை, சாட்டுச் சொல்ல.

உனக்கு அவர் திரும்பவும் எடுப்பார் ராசா. அப்பா சொன்னதையே நீயும் சொல்லு, கூட்டவும் வேண்டாம் குறைக்கவும் வேண்டாம். றொஷினிக்கும் பிள்ளைக்கும் என் முத்தங்கள், மாதா உங்கள் மூன்று பேரையும் தன் சேலைக்குள் வைத்துக் காக்கட்டும். அடுத்த ஆவணிக்கு இப்போதே லீவு எழுதிக் கொடு, மறந்துவிடாதே. முன்சீற் அப்பாவுடையது, நீ பின்னால் இருக்கலாம்.

உன் அன்புள்ள அம்மா,
அக்னெஸ் எமிலியானுஸ்