தலை வணங்கும் முத்திரை

அன்புள்ள சயோகோ,

உன் முழங்கால் வலி குறைந்ததா? அகிதாவில் பனி விழத் தொடங்கியிருக்குமே. கூரைப் பனியை நீ தள்ளாதே, உன் தம்பியைக் கூப்பிடு. நான் நலம்.

ஒரு சின்னச் சேதி, நீ சிரிக்கத்தான் சொல்கிறேன். ஒப்புதல் கோப்புகளை மாடி மாடியாகத் தூக்கிப்போய் ஒவ்வொரு அதிகாரியின் பெயர் முத்திரையையும் வாங்கிவரும் என் வேலையை இப்போது கணினியே செய்கிறது. அதை அமைத்தவள் தோகாஷி. வந்து மூன்று மாதம்தான் ஆகிறது. போன இடமெல்லாம் எனக்குத் தேநீர் கொடுத்தவர்கள் இப்போது அவள் மேசையைச் சுற்றி நிற்கிறார்கள்.

முதல் நாளே இயக்குநர் கத்தினார். "என்னய்யா இது, கீழ இருக்கிறவன் முத்திரையெல்லாம் என் முத்திரை முன்னாடி நெஞ்ச நிமித்திக்கிட்டு நிக்குது?" எனக்கு வயிற்றில் பால் வார்த்தது போலிருந்தது. கையால் வைக்கும்போது, தலை குனிவதுபோல் மேலதிகாரியின் முத்திரைப் பக்கம் சாய்த்து வைப்போம். அந்த வணக்கம் அவளுக்குத் தெரியவில்லை.

நேராக என்னிடம் வந்தாள். "குராமோச்சி சார், எவ்வளவு சாய்க்கணும்? உங்களவிட யாருக்குத் தெரியும்?"

அதில் மயங்கி, பதவிவாரியாக எல்லாவற்றையும் சொல்லித் தொலைத்தேன். மறுநாள் முத்திரைகள் எல்லாம் அழகாகக் குனிந்து நின்றன. "கெட்டிக்காரிம்மா நீ!" என்றார் இயக்குநர், அவளிடம். இருபத்திரண்டு வருடத்தில் என்னிடம் ஒருமுறை சொன்னதில்லை. வயிறு எரிகிறது, சயோகோ.

புகைபோட்ட முள்ளங்கி ஊறுகாய் கொஞ்சம் அனுப்பு. நிறைய வேண்டாம், சேர்ந்து சாப்பிட இங்கே ஆளில்லை. அவளுக்குக் கொடுக்கமாட்டேன். மதிய இடைவேளை முடிகிறது.

கீழே என் மர முத்திரை. உன் பெயரின் பக்கமாகச் சாய்ந்திருக்கிறதே, அது கணினி வைத்ததில்லை.

உன்
தெய்ஜி