தோட்டாவைச் சூளையில் வைத்தது

12-3-06, ஞாயிறு
வெயில் இப்பவே தாங்கவில்லை. காலையில் துணி, பிறகு தோட்டா வேலை.

அப்பா லேத் பட்டறையில் தானே செய்த துப்பாக்கிக்கு அளவான தோட்டா எங்கேயும் கிடையாது. காயலாங்கடையில் வாங்கிய காலிப் பித்தளைத் தோட்டாக் கூடுகள் எல்லாம் நீளம். அப்பா அறுத்துக் கொடுப்பார், நான் பிசிறு எடுத்து, கூட்டின் வாயை நெருப்பில் சுட்டு, அச்சில் வைத்து அடிக்க வேண்டும். சுடாமல் அடித்தால் வாய் கீறிக்கொள்ளும். இன்று இரண்டு கீறியது. முதுகில் இரண்டு அறை.

"பீங்கான் பொம்மைக்குப் பிசிறு எடுக்குற கை தான, இதுக்கு மட்டும் என்னா நடுக்கம்?"

தட்டில் தண்ணீர் ஊற்றி, கூடுகளை நிற்க வைத்து, வாயை மட்டும் சுடச் சொன்னார். வெடிமருந்து போடுவது அவர்தான். என்னைத் தொடவிட மாட்டார்.

14-3, செவ்வாய்
விடியற்காலையில் அப்பா கம்மாபுரத்தில் எங்கள் கொல்லைக்காட்டில் காட்டுப்பன்னி சுட்டார். மல்லாட்டைச் செடியைத் தோண்டிக் கடலை தின்ன வந்தது. வயிற்றில் பட்டு, குடலை இழுத்துக்கொண்டே வரப்பு வரை ஓடியதாம். தடியால் அடித்துத்தான் அடங்கியதாம். சொல்லும்போது சிரித்தார்.

கறி நன்றாக இருந்தது. எனக்கு இறங்கவில்லை.

15-3, புதன்
சித்தப்பா வந்தார். பாகம் பிரிக்காத அந்தக் கொல்லையை நிலக்கரிச் சுரங்கத்துக்கு எழுதிக் கொடுக்கக் கையெழுத்துப் போட்டுவிட்டாராம்.

"என்கிட்ட ஒரு வார்த்த கேட்டியாடா?"

"கேட்டா ஒத்துக்குவியா நீ? எப்படியும் எடுக்கத்தான் போறான்."

அப்பா அவர் முடியைப் பிடித்து அடிபம்பில் மோதினார். சித்தப்பா அப்பா கையைக் கடித்தார். நடுவில் போன அம்மாவுக்கு யார் முழங்கை என்று தெரியவில்லை, உதடு கிழிந்தது. பம்படியில் ரத்தம். நான்தான் கழுவினேன்.

சித்தப்பா போன பிறகு அப்பா அம்மாவிடம், ஊர்க்கதை பேசுகிற மாதிரி சாதாரணமாக: "ஞாயித்துக்கெழம மல்லாட்ட புடுங்க வருவான். பன்னிக்குப் போடுறதுல ஒண்ணு போதும்."

அம்மா உதட்டைத் துணியால் பொத்திக்கொண்டு அடுப்பைப் பார்க்கப் போனது.

எனக்கு ஸ்கூலுக்கு ஸ்லேட்டு வாங்கித் தந்தது சித்தப்பா.

16-3, வியாழன்
மிச்சக் கூடெல்லாம் இன்றே வேண்டுமாம். ஒவ்வொன்றாகச் சுட நேரமில்லை. நான் வேலை செய்யும் பீங்கான் கம்பெனியில், ஃபியூஸ் கட்டைகளைச் சுட்டு இறக்கிய சின்னச் சூளை அணைந்து கிடந்தது, உள்ளே சூடு இருந்தது. கூடுகளைத் தட்டோடு உள்ளே தள்ளிவிட்டேன். எங்கள் வேலையில் பாதி வெந்து பாதி வேகாதது எல்லாம் உடையும். முழுசாக வெந்தால் நல்லதுதானே.

கறுத்து வந்தது. புளி போட்டுத் தேய்த்தேன். புதுசு மாதிரி.

18-3, சனி
மருந்து போட்டாயிற்று. சோறு தின்றபடி அப்பா அம்மாவிடம் பெருமை பேசினார்.

"தட்டுல தண்ணி எதுக்கு ஊத்துறோம், தெரியுமா? கூட்டோட அடி கெட்டியா இருக்கணும். அடியும் சூடாயி எளகிட்டா மருந்து பின்னால பிச்சிக்கும். சுடுறவன் மூஞ்சி இருக்காது."

கை சுடாமல் இருக்கத் தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

ரசம் ஊற்ற எழுந்தேன். எடுத்து வந்தது ஊறுகாய் ஜாடி.

சொன்னால் பழைய நல்ல தோட்டா நாலு இருக்கிறது, அதைப் போட்டுக்கொள்வார். சித்தப்பா போய்விடுவார். சொல்லாவிட்டால் அப்பா.

அம்மாவிடம் சொல்லலாமா. அம்மா அப்பாவிடம் சொல்லும்.

19-3, ஞாயிறு
இடது கையால் எழுதுகிறேன்.

அப்பா துப்பாக்கியைச் சாக்கில் சுற்றி டி.வி.எஸ். வண்டியில் கட்டிக்கொண்டு கிளம்பினார். தெருமுனைக் குழாயில் எல்லாரும் குடத்தோடு. கடையில் உப்பு கேட்கவே எனக்குச் சத்தம் வராது. பின்னாலேயே ஓடினேன்.

"அப்பா, துப்பாக்கி வேணாம்ப்பா. தோட்டாவ சூளையில வெச்சிட்டேன். வெடிச்சிரும்."

வண்டியை நிறுத்தாததால் திரும்பத் திரும்பக் கத்தினேன். துப்பாக்கி, துப்பாக்கி என்று.

"துப்பாக்கியா? யாருதுடி?" என்றாள் எதிர்வூட்டு அக்கா. சாக்கையே எல்லாரும் பார்த்தார்கள்.

அப்பா வண்டியைத் திருப்பினார். தெரு முழுக்கத் தெரிந்த பிறகு எங்கே போவது. வூட்டுக்குள் கதவைச் சாத்தி, துப்பாக்கிக் கட்டையாலேயே அடித்தார். வலது மணிக்கட்டு, காது. அம்மா மேலே விழுந்து மறைத்தது, அதற்கும் விழுந்தது. பிறகு துப்பாக்கிக் குழாயை வைஸ் இடுக்கியில் மாட்டி ரம்பத்தால் அறுத்தார். போலீஸ் வருவதற்கு முன்னால். அறுக்கும்போது அழுதாரா, மூச்சு வாங்கினாரா, தெரியவில்லை. காதில் இரைச்சல்.

21-3, செவ்வாய்
போலீஸ் வரவில்லை. கையில் மாவுக்கட்டு, காதில் துணிக்கட்டு. அப்பா என்னிடம் பேசவில்லை.

சாயங்காலம் சித்தப்பா, ஒரு பை மல்லாட்டையோடு. நெற்றியில் பிளாஸ்திரி. அம்மா டீ வைத்தது. அப்பா எழுந்து போகவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை.

"ஊரே பேசுது. எதுக்கும்மா அப்பாவுக்குத் துப்பாக்கி?"

"பன்னிக்கு, சித்தப்பா."

"பகல்லயா? நான் மல்லாட்ட புடுங்குற அன்னிக்கா?"

நான் இடது கையால் மல்லாட்டைப் பையின் முடிச்சை அவிழ்த்தேன். சித்தப்பா டீயைக் கீழே வைத்துவிட்டு என் காதுக் கட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.